காவக்கம்பி

எங்கள் அம்மாவின் தகரப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி, ஓர் இரும்பு இருந்தது. ஒன்றரைச் சாண் நீளம். ஒரு முனை மொண்ணையான கொக்கி. சுட்டுவிரலை மடக்கினால் எவ்வளவு வளையுமோ அவ்வளவு வளைவு. மறுமுனையும் கொக்கிதான், ஆனால் அது சின்னது, கூர்மையானது. நடுவில் பிடி வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டிருந்தது. கீறல்களுக்குக் கீழே இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள். துரு தின்றதுபோக மிச்சமிருந்ததை யாராலும் வாசிக்க முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோரும் அதைக் காவக்கம்பி என்றார்கள்.

பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காத்துக் கருப்பு அண்டிவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மற்றத் தோட்டங்களில் பாக்குவெட்டி வைப்பார்கள், தேயிலைச் செடி வெட்டுகிற பழைய கவ்வாத்துக் கத்தி வைப்பார்கள். எங்கள் டிவிசனில் இந்தக் கம்பிதான். ஒருத்திக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா இதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவாள். மொண்ணை முனையால் வயிற்றை மூன்று முறை தடவுவாள். பிறகு பாய்க்கடியில் வைத்துவிட்டு அன்றிரவு அங்கேயே தங்குவாள். பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் முப்பது நாளைக்குத் தலைமாட்டில் இருக்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் தன் கையால் எடுத்துத் தனக்கே வைத்துக்கொள்ளக் கூடாது. கம்பி இருக்கிற வீட்டிலேயே ஒருத்தி உண்டாகிவிட்டால், அதே வீட்டில் பிறந்த இன்னொருத்திதான் வந்து வைக்க வேண்டும்.

இது எங்களுக்கு வந்த கதையும் ஒன்று உண்டு. அம்மாவின் வழியில் நாலு தலைமுறைக்கு முந்தி ஒருத்தி தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தாளாம். அவளுடைய கைராசியை மெச்சி வெள்ளைக்கார டொக்டர் இதைப் பரிசாகக் கொடுத்தாராம். பரிசு கொடுக்க அவருக்கு வேறு சாமான் கிடைக்கவில்லையா என்று நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். இந்த மாதிரி விசயங்களை நம்புகிற ஆள் நான் இல்லை, அது லயத்துக்கே கேட்கும்படி பேசவும் செய்வேன். அம்மா கம்பியோடு கிளம்பும்போது, பெரிய டொக்டர் அம்மா ரவுண்ட்ஸ் போகிறாங்க என்று நக்கல் அடிப்பேன். அவள் கோபப்பட்டதே இல்லை. ஆமாம் போகிறேன், நீ அடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

படித்தேன், டீச்சரானேன், கொட்டகலையில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கிவிட்டேன். அங்கிருந்து எங்கள் தோட்டம் ஒரு மணி நேர பஸ், அரை மணி நேர நடை. தூரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வருசத்துக்கு மூன்று தரம்தான் போவேன்: பொங்கல், மாரியம்மன் திருவிழா, தீபாவளி. கேட்டால் வேலை என்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த லயத்துக்குள் குனிந்து நுழைகிறபோதெல்லாம், இத்தனை வருசம் பாடுபட்டு நிமிர்த்திய முதுகு திரும்ப வளைந்துபோகிற மாதிரி எனக்கு எரிச்சலாக இருக்கும். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதனால் அங்கே போனால் கேள்விகள் வேறு. சாயந்திர பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன்.

என் தங்கை என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் படிக்கவில்லை, கொழுந்து பறிக்கப் போனாள். வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக்கொடுத்தோம். அங்கே முதல் பிள்ளை ஏழாம் மாதமே வந்து இறந்துபோனது. அம்மா கம்பியோடு பஸ் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாவது பிள்ளை ஊரடங்கு நேரத்தில். ரோடெல்லாம் மூடிக் கிடந்தது, கம்பியும் போகவில்லை, நாங்களும் போகவில்லை. அந்தப் பிள்ளை பிறந்து அழவே இல்லை என்றார்கள். பிறகு அம்மா படுக்கையில் விழுந்ததும் தங்கை அவளைப் பார்த்துக்கொள்ள லயத்து வீட்டுக்கே, எங்கள் பழைய காம்பராவுக்கே, வந்துவிட்டாள். அவள் புருசன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறவர், மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா கண்ணை மூடி ஒரு வருசம் ஆகும்போது தங்கை மூன்றாம் முறையாக உண்டானாள். வயது முப்பத்தெட்டு.

இரண்டு பிள்ளைகளும் கம்பி வைக்காமல் போனவை என்பது அவளுடைய கணக்கு. இந்த முறை கம்பி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அக்காவும் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிறாள், இனி என்ன குறை என்று அவள் நிம்மதியாக இருந்தாள். வைக்க வேண்டியவள் நான். அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பாடசாலையில் தோட்டத்துப் பழைய பொருட்களை வைத்து ஒரு கண்காட்சி போட்டோம். யோசனை என்னுடையது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் அடித்த தப்பு, பித்தளை மரக்கால், கங்காணியின் கைத்தடி, கூடைக் கயிறு என்று பிள்ளைகள் கொண்டுவந்து குவித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் உபயோகமும் எழுதி அட்டை வைத்தோம். எனக்குக் காவக்கம்பி ஞாபகம் வந்தது. மூட நம்பிக்கையைத் துடைத்துவிட்டு, அது உண்மையில் எதற்குச் செய்த சாமான் என்று கண்டுபிடித்து அட்டையில் எழுத வேண்டும் என்று ஓர் ஆசை. நேராகவே சொல்வதானால், அம்மாவிடம் ஜெயிக்காத ஒரு வாதத்தை அவள் போன பிறகு ஜெயித்துவிடுகிற ஆசை.

தங்கைக்கு அப்போது ஆறு மாதம் முடிகிற நேரம். கம்பியைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "இப்ப வேணாமேக்கா" என்றாள். கண்காட்சி வருகிற சனி ஞாயிறோடு முடிந்துவிடும், அடுத்த வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து வைத்து அன்றிரவு தங்கிவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். தங்குகிறேன் என்ற சொல்லைக் கேட்டதும்தான் அவள் பெட்டியைத் திறந்தாள்.

கண்காட்சிக்கு முன்பே யார் யாரிடமோ காட்டிக் கேட்டேன். கிணற்றில் விழுந்த வாளி எடுக்கிற கொக்கி என்றார் எங்கள் பாடசாலை வாட்ச்சர். மலையில் எங்கே கிணறு, எல்லாம் ஊற்றிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீர்தானே என்று அவரை மடக்கினேன். ஹட்டனில் பழைய இரும்பு வாங்குகிற முதலாளி அதைத் தராசுக் கொக்கி என்றார். தராசுக்குக் கைப்பிடி எதற்கு? சாக்கு மூட்டை இழுப்பது என்று இன்னொருவர். சாக்குக்கு இவ்வளவு மெல்லிய இரும்பு நிற்காது, நிமிர்ந்துவிடும். எல்லோரையும் மடக்கிவிட்டு, கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்து கொட்டை எழுத்தில் அட்டை எழுதினேன்: பழைய காலத்துத் தேயிலைப் பெட்டிகளின் ஈயத்தாளைக் கிழித்துத் திறக்கும் கருவி. கூர் முனை கிழிக்க, மொண்ணை முனை தாளை இழுத்து விலக்க. எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

திறந்து வைக்க ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவரை அதிபர் அழைத்திருந்தார். சிங்களவர். தோட்டப்புறங்களில் நீண்ட காலம் வேலை செய்தவர், பழைய வைத்தியக் கருவிகளைச் சேர்த்து வீட்டில் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒவ்வொரு மேசையாகப் பார்த்துப் பிள்ளைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்த மனுசன், என் மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். அட்டையை வாசித்தார். கம்பியைக் கையில் எடுத்தார். பிள்ளைகளை அடுத்த மேசைக்குப் போகச் சொல்லிவிட்டு என்னை வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், இது பெட்டி திறக்கிறது இல்ல" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். "இது பிள்ள எடுக்கிறது. வயித்துல செத்த பிள்ள."

மீதியைச் சிங்களத்தில் சொன்னார். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்கிற வசதி தோட்டங்களில் இல்லை, எடுத்தாலும் தாய் பிழைக்க மாட்டாள். பிள்ளை உள்ளேயே இறந்து, வெளியே வராமல் அடைத்துக்கொண்டால், தாயையாவது காப்பாற்ற இதை உள்ளே விடுவார்களாம். மொண்ணை முனை பிள்ளையின் அக்குளிலோ தொடை இடுக்கிலோ மாட்டி இழுக்க. கூர் முனை எதற்கு என்று சொல்ல வந்தவர் தன் பின்மண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். நானாவது அத்தோடு விட்டிருக்கலாம். இறந்த பிள்ளைக்கு மட்டும்தானா என்று கேட்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி, ஆனால் எல்லா வேளையிலும் அப்படித்தான் இருந்தது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். எந்த டொக்டரும் இதைப் பரிசாகக் கொடுக்க மாட்டார் என்றார். கழுவி வைக்கச் சொல்லிக் கொடுத்ததை அவள் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஏன் கொண்டுபோனாள் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். வேண்டுமானால் கம்பியைத் தன் சேகரிப்புக்குத் தரும்படி மரியாதையாகக் கேட்டார். அது என்னுடையதில்லை என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே போய் அட்டையைக் கிழித்தேன். கம்பியைத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் திணித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். அம்மா எத்தனை வயிற்றில் அதை வைத்துத் தடவியிருப்பாள். எத்தனை பேர் அதன்மேல் முப்பது நாள் தலை வைத்துப் படுத்திருப்பார்கள். நானே அது தடவிய வயிற்றிலிருந்து வந்தவள்தான். ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன் பாருங்கள், நன்றாக ஜெயித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கம்பி என் அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே இருந்தது. அதை என் கையால் எடுத்து என் தங்கையின் வயிற்றில் வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. சரி, உண்மையைச் சொல்லிவிடலாமே என்றால், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், அவள் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கொம்பு அது, அதையும் நானே வெட்டுவதா? எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்கிறபோது மட்டும் அது எங்கேயோ ஒளிந்துகொள்ளும். தங்கைக்குப் போன் எடுத்து, பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். சரிக்கா, வேலையைப் பார், வரும்போது கம்பியை மறந்துவிடாதே என்றாள்.

அடுத்த வாரம் மழை. பஸ் பாதையில் ஒரு இடத்தில் மண் சரிந்து கிடந்தது. அது எனக்கு வசதியாகப் போனது. அந்த மண்ணைச் சனிக்கிழமையே வாரிவிட்டார்கள், நானும் அது தெரிந்துதான் இருந்தேன். ஆனால் தங்கை அந்த மழையில் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகாமல் விட்டிருக்கிறாள். பழைய மிட்வைஃப் மிஸ் மாற்றலாகிப் போய் அவருடைய இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஏன் கிளினிக் போகவில்லை என்று வீட்டுக்கு வந்து அதட்ட ஆள் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் விடிந்தால் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அவளே போன் எடுத்தாள். நான் வகுப்பு முடிந்து அறைக்கு வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாகத் தலைவலி என்றாள். கால் வீங்கி செருப்பு போட முடியவில்லை, கண்ணுக்கு முன்னால் மின்மினிப்பூச்சி மாதிரி ஏதோ பறக்கிறது என்றாள். அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமை கம்பியை எடுத்துக்கொண்டு வருவாயா என்று கேட்டாள்.

எனக்கு அந்த நிமிசம் வந்த கோபத்தை இப்போது எப்படி எழுதுவது. மூன்று வாரமாக எனக்குள்ளே அழுகிக்கொண்டிருந்தது எல்லாம் அவள்மேல் பாய்ந்தது.

"உனக்குக் கம்பிதானே வேணும்? அதுக்கு எதுக்குத் தலைவலி கால்வலின்னு சுத்தி வளைக்கிற?"

"இல்லக்கா, நெசமாவே வலிக்குது" என்றாள்.

மல்லிக் கோப்பி போட்டுக் குடி, காலைத் தூக்கி வைத்துப் படு, ஏழு மாசத்தில் யாருக்குத்தான் கால் வீங்காது என்று சொன்னேன். எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, பார்த்து வருகிறேன் என்றும் சொன்னேன். எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறவில்லை, சூடாகத்தான் இருந்தது, அவ்வளவு சீக்கிரம் பேசி முடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை போகவில்லை. திங்கட்கிழமை பாடசாலை இடைவேளையில் பக்கத்துக் காம்பரா அக்காவின் போன் வந்தது. தங்கை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டாள். கை கால் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வாயில் இரத்தம். தேயிலை ஏற்ற வந்த லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அதிபரிடம்கூடச் சொல்லவில்லை, ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். வழியெல்லாம், நம்பாத சாமி எல்லோரையும் கூப்பிட்டேன்.

போனபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. தாய்க்கு நினைவில்லை. இரண்டு மணி நேரம் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். என் தலைக்குள் ஒரே ஒரு விசயம்தான் ஓடிக்கொண்டிருந்தது: செத்த பிள்ளையை எப்படி எடுக்கிறார்கள், எதை வைத்து எடுக்கிறார்கள். நர்ஸ் ஒருத்தி தட்டில் துணி போட்டு மூடி எதையோ கொண்டுபோனாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இளம் டொக்டர் ஒருத்தி வெளியே வந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், என் பழைய மாணவிகளின் வயது. பிரசர் ஏறி வலிப்பு வந்திருக்கிறது, மருந்து ஏற்றியிருக்கிறோம், தாய் பிழைத்துவிடுவார் என்று நம்புகிறோம் என்றாள். இது ஒரே நாளில் வருவதில்லை, தலைவலி, கண் மின்னுவது, கால் வீக்கம் எல்லாம் முன்கூட்டியே காட்டியிருக்குமே என்று கேட்டாள். தலையாட்டினேன்.

"ஒரு வாரம் முந்தி அந்தக் கால் வீக்கத்தப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும் மிஸ். வீட்ல யாரும் பாக்கலயா?"

யாரும் இல்லை என்றேன். அது பொய் இல்லை.

ஆண்பிள்ளை. மறுநாள் காலை தங்கையின் புருசன் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். பிள்ளையைப் புதுத் துண்டில் சுற்றி அவரே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைகளுக்குத் தப்பு அடிக்கிற வழக்கம் இல்லை, சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் புதைத்துவிட்டு வருவார்கள். குழி தோண்டுகிறபோது அவர் என் பக்கம் திரும்பாமலே, கம்பி வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாததற்கும் சேர்த்து லயம் பேசியது. நான் காம்பராவைத் திறந்து தங்கைக்கு மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டிருந்தபோது, வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நின்ற பெண்கள் எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள். படித்த திமிர், கூடப்பிறந்தவளுக்குக்கூடக் கொடுக்காமல் கம்பியை அமுக்கி வைத்துக்கொண்டாள் என்றார்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பாள் என்றாள் ஒருத்தி. வெளியே வந்து, அந்தக் கம்பி என்ன சாமான் தெரியுமா என்று கத்த வாயெடுத்தேன். அங்கே நின்ற ஆறு பேரில் ஐந்து பேர் பிள்ளைகளை அதன்மேல் போட்டு வளர்த்தவர்கள். வாயை மூடிக்கொண்டு சேலையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

தங்கைக்கு மூன்றாம் நாள் நினைவு வந்தது. கண்ணைத் திறந்ததும் கையை வயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழவும் இல்லை. நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது, அதனால் பேசாமல் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கஞ்சி ஊட்டினால் குடித்தாள். தலை வாரினால் காட்டினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் பார்வையாளர் நேரத்தில் அவள் புருசன் சாப்பாடு வாங்க வெளியே போயிருந்தார். பக்கத்துக் கட்டில் காலி. இனிமேல் அடக்கிவைத்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. லயம் பேசியது அவள் காதுக்கும் போயிருக்கும், அவளும் அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று எனக்கு நிச்சயம். நான் கொலைகாரி இல்லை என்று அவள் ஒருத்தியாவது தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். கண்காட்சி, டொக்டர், மொண்ணை முனை, கூர் முனை, அவர் பின்மண்டையைத் தொட்டுக் காட்டியது வரைக்கும் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்து ஐந்து நாள் ஆன ஒருத்தியிடம் சொல்கிற பேச்சா அது? சொன்னேன். அதனால்தான் கொண்டுவரவில்லை, அதை எப்படி உன் வயிற்றில் வைப்பேன், நீயே சொல்லு என்று அழுதேன்.

அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அலுமாரியில் என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரிந்திருக்காது என்றேன். தெரிந்திருந்தாலும் அம்மா அந்த வீடுகளுக்குப் போய்த் தங்கியிருப்பாள் என்றாள். குழறலில் எனக்குச் சரியாக விளங்கவில்லை. என்ன என்று திரும்பக் கேட்டேன்.

அப்போதுதான் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண்ணில் இரத்தக் கட்டு இன்னும் கரையவில்லை. அவளுக்கு என்மேல் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொரு சொல்லாக, நாக்கு வலிக்காமல் பார்த்துப் பார்த்து வைத்துப் பேசினாள்.

"அது என்னத்துக்கு செஞ்ச சாமானா இருந்தா எனக்கென்னக்கா. கம்பிய சொன்னாத்தான் நீ வருவேன்னு, அதத் திரும்பத் திரும்பக் கேட்டேன்."